பன்னிரண்டு மீட்டர்

தேவகோட்டைக்குத் தெற்கே
நீரில்லாத ஊருணியின் நடுவில்
அறக்கட்டளை ஒரு பாய்மரம் நட்டது.
நாற்பதடி.
செல்போன் கோபுரமென்று நினைத்துப்
பால்காரர் வந்து கேட்டார்:
சிக்னல் எப்ப வரும்?

நான் கணக்கெழுதுகிறவள்.
பேரேட்டில் பிள்ளையார் சுழிக்கு அடுத்த வரி
தார் பூசிய கயிறு, முந்நூறு மீட்டர்.
அதன்கீழ் வாந்தி மாத்திரை, இருநூறு.
கடல் அப்போது
நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது.
பாய்த்துணி, கோணியூசி, மெழுகு,
விழுந்தால் தாங்க ஒரு வலை,
வலை கிழிந்தால் தாங்க
ஆறு வண்டி வைக்கோல்.

பதினாறு பேர் வந்தார்கள்.
கட்டணம் இல்லை, சோறு உண்டு.
பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட வெள்ளைக்கண்ணு,
ஜவுளிக்கடையில் சேலை மடித்தே
விரல் தேய்ந்த ஜெஸிந்தா,
தொண்டியிலிருந்து நூருல் ஆபிதா.
அவளுக்கு மட்டும் கடல் தெரியும்,
மரமேறத்தான் தெரியாது.

பயிற்றுநர் மெல்டாவுக்கு இருபத்தாறு வயது,
தூத்துக்குடிக்காரி.
"ஆஞ்சானை இழு" என்று அவள் கத்தினால்
கரையில் மேயும் ஆடுகள்
தலை தூக்கிப் பார்க்கும்.
காற்றுகளின் பெயர்களை ஒப்பிக்கச் சொன்னாள்:
வாடை, கொண்டல், சோழகம், கச்சான்.
"எங்க ஊர்ல அடிக்கிறதுக்கு என்ன பேரு?"
வெள்ளைக்கண்ணு கேட்டான்.
"புழுக்கம்" என்றாள் ஆபிதா.
அன்றைக்கு வகுப்பு அதோடு முடிந்தது.

ஆனியில் கப்பலேறினார்கள்.
பத்து நாள் கழித்துச் சரக்குப் பட்டியல் வந்தது:
கயிறு, இருநூற்று எண்பத்தெட்டு.
செயலர் சாத்தப்பன் கண்ணாடியை இறக்கினார்.
"பன்னிரண்டு மீட்டர் எங்கே?"
எழுநூறு ரூபாய்க் கயிற்றைத் தேடி
என்னைத் தொண்டிக்கு அனுப்பினார்.

கரையோரம் ஆழமில்லை.
இரண்டு மரக் கப்பல் தொலைவில் நின்றது,
படகில் போனேன்.
இருநூறு மாத்திரையில் ஒன்று
அங்கேதான் குறைந்தது;
அதையும் எழுதிவிட்டேன்.

மெல்டா சொன்னாள்:
மூன்றாம் நாள் விடிகாலை.
ஆபிதா மேலே, பருமல் நுனியில்.
கச்சான் சொல்லாமல் வந்தது,
கரைப்பக்கமிருந்து.
எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருக்கும்,
யாரும் கவனிக்கவில்லை.
கப்பல் சாய்ந்தது. பருமல் நுனி
தண்ணீரைத் தொட ஒரு முழம்.
தாமானைத் தளர்த்தப் போனால்
முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது.
வெள்ளைக்கண்ணு
தேங்காய் கீறும் கத்தியை எடுத்து
யாரையும் கேட்காமல் அறுத்தான்.

பாய் உதறி உதறிக் காற்றைக் கொட்டியது.
கப்பல் நிமிர்ந்தது.
அறுந்த வால் படபடத்துப் பிய்ந்து
எங்கோ போய் விழுந்தது.
ஆபிதா இறங்கி வந்து
ஒரு பொட்டலம் பிஸ்கட் முழுவதும் தின்றாள்.
பேசவில்லை.
உத்தரவில்லாமல் அறுத்ததற்கு
வெள்ளைக்கண்ணுக்கு ஒரு வாரம்
தட்டு கழுவும் தண்டனை.
முதல் நாள் மெல்டாவும் சேர்ந்து கழுவினாள்.

திரும்பி வந்து எழுதினேன்:
கடல் பற்று, தாமான் கயிறு, மீட்டர் 12.

தணிக்கையாளர் சிவப்பு மையில் வட்டமிட்டார்.
பெற்றுக்கொண்டவர் கையொப்பம் எங்கே?
ரசீது எங்கே?
விடுப்பில் வந்திருந்த ஆபிதாவைக்
கூட்டிப்போய் அவர்முன் நிறுத்தினேன்.
அவருக்கு முதலில் புரியவில்லை.
நான் சொன்னேன்.
மின்விசிறியைப் பார்த்தபடி
கொஞ்சநேரம் இருந்தார்.
பிறகு மூன்று டீ சொன்னார்.
வட்டம் இன்னும் அழியவில்லை,
பக்கத்தில் ஒரு சிறு சரி விழுந்திருக்கிறது.

அடுத்த மாதக் கொள்முதலில்
கயிறு, பன்னிரண்டு மீட்டர் என்று எழுதி
கீழே சேர்த்தேன்: கத்தி, பதினாறு.
சாத்தப்பன் ஒன்றும் கேட்கவில்லை.
கையெழுத்துப் போடும்முன்
தன் பேனாவால்
ஒரு சொல் மட்டும் கூட்டினார்:
உறையோடு.