கச்சான் கணக்கு

ஐந்து மணிக்குப் பழைய பாலத்தடியில் கூடுகிறோம்.
மீன்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிள்காரர்
தினமும் வேகம் குறைத்துக் கேட்டுப்போவார்:
"ஆரும் துரத்துறானா?"

துரத்துவது என்றால்
எனக்குச் சீனி வருத்தம்.
துஷ்யந்தனுக்கு
ஓட்டோ ஆசனத்தில் பதினைந்து வருடம் வளர்ந்த வயிறு.
மேபல் ஒக்கர்ஸுக்கு அறுபத்தொரு வயது,
இரண்டு மணிக்குமேல் நித்திரை இல்லை,
வேறொன்றும் இல்லை.
சுபஹு தொழுதுவிட்டு ஜெஸீம்
காத்தான்குடியிலிருந்து எதிரே ஓடிவருவார்.
நாவற்குடாவில் சந்திப்போம்,
பாதித் தூரம் அவருடையது.

நான் புதிது.
ஆகவே எல்லோரிடமும் எனக்குத் தர ஏதோ இருந்தது.
"மூக்கால இழுங்க, வாயால விடுங்க."
"வாயால இழு பிள்ள, மூக்கு எந்தளவுக்குக் காணும்?"
"ரெண்டு வாழப்பழம் சாப்பிட்டு வாங்க."
"வெறும் வயிறுதான் நல்லம்."
"லைட் போஸ்ட் ரெண்டு ஓடுங்க, ஒண்டு நடவுங்க"
என்றார் துஷ்யந்தன்.
கல்லடி வீதியில் மூன்றாவது கம்பத்தில்
எந்நாளும் வெளிச்சமில்லை,
அதை எதில் சேர்ப்பதென்று அவரும் சொல்லவில்லை.

சப்பாத்தை அரை நம்பர் பெரிதாக வாங்கு என்றதை மட்டும்
நான் கேட்கவில்லை.
பெருவிரல் நகம் கறுத்து,
ஒரு திங்கட்கிழமை தானாகவே கழன்றது.
தபாற்கந்தோர் மேசையின் கீழ்
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.
பதிவுத்தபாலுக்கு வந்தவருக்கு
என் முகத்தில் என்ன தெரிந்ததோ,
மிச்சக் காசை வாங்காமல் போய்விட்டார்.

நாய் விஷயத்தில் மட்டும் நால்வருக்கும் ஒரே சொல்:
ஓடாதே. நில். கல்லெடுக்கிற மாதிரிக் குனி.
எங்கள் நேரமெல்லாம்
கல்லடி நாய்கள் தந்த நேரம்.

அந்த ஆனியில்
விடியமுன்னமே எழும்பிவிட்டது கச்சான்.
பாலத்தில் ஏறினேன்,
கால் தரையில் பட்டதாக நினைவில்லை.
துஷ்யந்தனைத் தாண்டினேன்.
மேபலைத் தாண்டினேன்.
சீனியைத் தாண்டினேன் என்றுகூட நினைத்தேன்.
பின்னால் கூவினார் துஷ்யந்தன்:
"அது உங்கட காலில்ல, கச்சான்!
கிறுகி வரக்க தெரியும்!"

கிறுகி வந்தபோது
காற்று கடன்கொடுத்தவன்போல
பாலத்து வாயிலேயே நின்றது.
பல்லுக்குள் மண்.
சட்டை முதுகில் படபடத்து
என்னைப் பின்னுக்கு இழுத்தது.
வாவியில் மீன் பாடும் என்கிறார்கள்,
எனக்குக் கேட்டது
என் நெஞ்சுக்குள் ஏதோ பழைய தையல்மெசின்.

மேபல் ஒன்றும் சொல்லாமல் முன்னுக்கு வந்தாள்.
ஈர்க்குப்போல மனுசி,
எந்தக் காற்றை மறைப்பாள்?
ஆனாலும் அவள் வலத்தோளுக்குப் பின்னால்
காற்றில்லாத இடம் ஒன்று இருந்தது,
ஒரு முகம் வைக்குமளவு.
என் முகத்தை அங்கே வைத்தேன்.

முதல் தடவையாக
மூக்கா வாயா என்று யோசிக்காமல்
மூச்சு வந்தது.

நூறு எட்டு இருக்கும்.
அவள் சட்டென ஒதுங்கினாள்.
"இப்ப நீ."
முன்னால் போனேன்.
பின்னால் அவள் சப்பாத்துச் சத்தம்
மெல்ல மெல்ல
என் சத்தத்தோடு ஒன்றாகும் மட்டும்
பாலம் முடியவில்லை.

நேற்று ஒரு பிள்ளை வந்தாள்.
ஹம்ஷாயினி, வங்கியில் பயிற்சி.
புதுச் சப்பாத்து, சரியான நம்பர்.
ஐயோ என்று மனதுக்குள் சொன்னேன்.
"அக்கா, எப்பிடி மூச்சு விடுற?" என்று கேட்டாள்.
சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது.
நகம், கம்பம், வாழைப்பழம், காற்றின் வட்டி.
வாயைத் திறந்தேன்,
ஒழுங்கைக்குள்ளிருந்து குரைத்துக்கொண்டு வந்தது
ஒற்றைக் காது மடிந்த செவலை.

"குனி" என்றேன்.

இருவரும் குனிந்து
தார்வீதியில்
இல்லாத கல்லைத் தேடினோம்.