காலணியின் அடிப்புறம்

இன்னும் பதினோரு நாள்.
நியூசிலாந்தின் தென்கோடியில் ஓர் ஊர்.
பேரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்,
பால் சொசைட்டி செயலர் நான்காவதாக ஒன்று சொல்கிறார்.
பத்து மாதம்.
"அங்க போயும் ஆடு மாடுதானா டாக்டரம்மா?"
ஆமாம், அங்கே போயும்.

கைபேசியில் இரண்டு கடிகாரம் வைத்திருக்கிறேன்.
மஞ்சக்குப்பத்தில் நான் பல் துலக்கும்போது
அங்கே மதியச் சாப்பாடு ஆகிக்கொண்டிருக்கும்.
நாள் நெருங்க நெருங்க
இரண்டு ஊர் வேளைக்கும் பசிக்கிறது.

வீட்டில் இப்போதே பாதி ஆள்தான்.
கேஸ் புத்தகம் எங்கே என்று
என்னைக் கேட்காமலே தேடுகிறார் தணிகாசலம்.
கேட்டால் சொல்லியிருப்பேன்.
பழகிக்கொள்கிறாராம்.
நிறைமதி எதை ஆரம்பித்தாலும்
"நீ போனப்புறம்" என்றே ஆரம்பிக்கிறாள்.
நீ போனப்புறம் பூனை வளர்ப்போம்,
நீ போனப்புறம் முடி வெட்டிக்குவேன்.
நான் இல்லாத வீடு ஒன்று
அவளுக்குள் கட்டி முடிந்துவிட்டது.
எட்டிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருக்கிறது.

கணுக்கால் ஏறிய கனத்த காலணி வாங்கினேன்.
காலில் பழகட்டுமென்று
விடியற்காலை தேவனாம்பட்டினம் மணலில் நடந்தேன்,
சித்திரை மாதம், உள்ளே கம்பளி.
கரைவலை இழுத்தவர்கள் இழுப்பதை நிறுத்திவிட்டார்கள்.
"ஏம்மா, கடல் மேலயே நடந்து போயிடலாம்னா?"

அழைப்போடு ஒரு தாள் வந்திருக்கிறது.
கடைசி முப்பது நாளில் கால்நடையைத் தொட்டீர்களா,
காலணியில் மண் உண்டா, சாணம் உண்டா.
இருபது வருஷமாக அதுதானே பிழைப்பு,
அதற்குத்தானே கூப்பிடுகிறீர்கள் என்று
தாளிடம் எப்படிச் சொல்வது.
விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.
பத்தொன்பது நாள் ஒரு மாட்டையும் தொடவில்லை.
நகம் வளர்ந்தது.
மருதாணிகூட வைத்துக்கொண்டேன்.

நேற்று ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
குண்டு உப்பலவாடியிலிருந்து அஞ்சாப்புலி.
பேர்தான் அஞ்சாப்புலி, போனில் அழுகிறான்.
தலைச்சன் ஈற்று, கன்றின் தலை மடங்கிக் கிடக்கிறது,
மாற்று டாக்டர் விருத்தாசலத்தில்.

தொடமாட்டேன், சொல்லித் தருகிறேன் என்றுதான் போனேன்.
சத்தியமாக.
இருட்டில் காலுக்கு அகப்பட்டது அந்தக் காலணிதான்.
வேலிக்கு வெளியே நின்று டார்ச் அடித்து
உதவியாளர் தனவேலுக்கு
இடது என்றேன், இன்னும் உள்ளே என்றேன், மெதுவாக என்றேன்.
வார்த்தைக்கு அத்தனை நீளக் கை கிடையாது.
கிடாரி திரும்பி என்னைப் பார்க்கவில்லை,
கவிதைக்காகக்கூட அப்படிச் சொல்லமாட்டேன்.
அது தன் வலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.
பத்தொன்பது நாள் நகத்தைக் கடித்துத் துப்பினேன்.
சோப்பு, தண்ணீர், எண்ணெய்.
மருதாணிக் கை தோள்வரை போனது.

முதலில் காது.
பிறகு மூக்கு.
பிறகு நாக்கு, என் விரலைச் சப்பியது
எந்த ஊருக்கும் இன்னும் வந்து சேராத ஒன்று.

நாலு மணிக்குக் காளைக்கன்று, ஈரமாக, கோபமாக.
டீ வாங்கப் போன அஞ்சாப்புலி
கடை திறக்கவில்லை என்று திரும்பி வந்து
மறுபடியும் அழுதான்.

இப்போது கொல்லைக் குழாயடியில்
பழைய டூத் பிரஷ்ஷால்
காலணியின் அடிப்புறப் பள்ளங்களைத் தேய்க்கிறேன்.
சாணம் போய்விட்டது.
உப்பலவாடிச் சேறு போய்விட்டது.
தேவனாம்பட்டினத்து மணல்தான்
உதறும்போதெல்லாம் இன்னும் நாலு வருகிறது.

தாளில் "ஆம்" என்ற கட்டத்தை நிரப்பினேன்.
விவரம் எழுத ஒரே ஒரு வரி இடம்.
மாடு ஒன்று, கன்று ஒன்று என்று எழுதினேன்.
தணிகாசலம் எட்டிப் பார்த்தார்.
"வராதேன்னு சொல்லிட்டாங்கன்னா?"
குரலில் பயமா ஆசையா,
பிரித்துப் பார்க்கவில்லை.
நகவெட்டி எங்கே என்று கேட்டேன்.
அவருக்குத் தெரிந்திருந்தது.