நாரி

டான்டினோங் கிளினிக்கில்
தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார் டொக்டர்.
உள்ளிருந்து ஒரு பெண்குரல்
தன் எண்ணைச் சொன்னது, பெயரைச் சொல்லவில்லை.
கோயம்புத்தூர்ப் பக்கமாய் இருக்கலாம்,
"சொல்லுங்க சார்" என்றதில் அப்படியொரு இழுப்பு.

"நாரி நோகுது" என்றேன். "நாலு வருசமா."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"உங்க மனைவிக்கா சார்?"

இல்லை, எனக்கு. நாரி.
முதுகு முடிகிற இடம். பெல்ட் இறுக்குகிற இடம்.
"ஓ, இடுப்பா!"
சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள்.
"எங்க பக்கம் நாரின்னா பொண்ணு சார்,
செய்யுள்ல வரும்."

டொக்டருக்கு வேண்டியிருந்தது ஓர் இலக்கம்.
பூச்சியத்திலிருந்து பத்துவரை.

காலையில் அது விறைப்பு.
குளிரறையில் பதினோராவது பெட்டிக்குப் பிடிப்பு.
காரிலிருந்து இறங்கக் கால் வைத்தால் குத்து.
பின்னேரம் உளைவு.
உளைவென்றால் விளங்குமோ, தங்கச்சி,
மழைக்கு முதல்நாள் பழைய காயம்
தன்னோடு தானே கதைக்குமே, அது.
இரவில் அதற்குப் பெயரே இல்லை.

"ஏழு" என்றேன்.
"செவன்" என்றாள்.

ஏழுக்குள் அடங்காதவை வெளியே நின்றன.
தும்மல் வருமுன் சுவரைத் தேடுகிறேன்.
தும்மலுக்குப் பயந்த ஆம்பிளையை
நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள்.
கரண்டி விழுந்தால்
காலால் சோபாவுக்குக் கீழே தள்ளிவிட்டு
விழாததுபோல் இருக்கிறேன்.
இப்போது அங்கே மூன்று கரண்டி, ஒரு பேனா, இருபது சதம்.
காரம் டவுன்ஸ் கோயிலில் எல்லாரும் விழுந்து கும்பிட
நான் மட்டும் கொடிமரத்துக்குப் போட்டியாய்.

நித்திரை எத்தனை மணி என்று கேட்டார்.
இரண்டு பத்துக்கு ஒரு சரக்கு ரயில் போகும்.
அது என்னை எழுப்புவதில்லை,
நான்தான் அதற்காக விழித்திருக்கிறேன்.
முழங்கால்களுக்கிடையே தலையணை.
இடப்பக்கம். வலப்பக்கம்.
பிறகு கார்ப்பெட்.
கூரையில் புகை அலாரத்தின் பச்சைப் புள்ளி.
அந்த நேரத்தில்தான் கணக்கு வரும்:
வாடகை,
"லைட் டியூட்டி" என்றபோது போர்மனின் வாயோரச் சிரிப்பு,
இந்த வேலையும் போனால்,
ஸ்கேனில் எதையாவது பார்க்காமல் விட்டிருந்தால்.
வலி கணக்கைக் கூட்டும்.
கணக்கு வலியைப் பெருக்கும்.

"ஸ்கேன்ல பெருசா ஒண்ணுமில்லையாம் சார்."
நல்ல செய்தி சொல்லும் குரல்.
நல்ல செய்திதான்.
பெரிதாக ஒன்றுமில்லாத ஒன்றுக்கு
எப்படி லீவு கேட்பது?

தினமும் பத்து நிமிடம் நடக்கவேணுமாம்.
பயப்படாமல் குனியவேணுமாம்.
"பயப்படாமல்" என்பதை மட்டும்
அவள் இரண்டு தரம் சொன்னாள்.
டொக்டர் ஒருதரம்தான் சொல்லியிருந்தார்.

அன்றிரவு, இரண்டு பத்து.
நிலத்தில் கிடந்து பார்த்தேன்:
கட்டில் விளிம்பில் தயாளினியின் கை தொங்கியது.
விரல்கள் விரிந்தன, மூடின, விரிந்தன.
நித்திரையில் இருக்கிற கை அப்படிச் செய்யாது.

"முழிப்போ?"
"இல்லை. நீங்கள் படுங்கோ."

நாலு வருசமாய் இதே பதில்.
ஐந்தரைக்கு அவளுக்கு பேக்கரி வேலை.

உங்க மனைவிக்கா சார்?

"உமக்கு எத்தனை?" என்றேன்.
"எது எத்தனை?"
"பூச்சியத்திலிருந்து பத்துவரை."
ரயிலின் கடைசிப் பெட்டியும் போய் முடிந்தது.
"பத்துக்குள்ளயோ சொல்லவேணும்?"

பிறகு, சுவர்ப்பக்கம் திரும்பியபடி:
"சோபாவுக்குக் கீழ மூண்டு கரண்டி கிடக்கு."
"தெரிஞ்சும் ஏன் எடுக்கேல்லை?"
"விழேல்லை எண்டு நீங்கள் இருந்தியள்.
நானும் இருந்தன்."