நாலே முக்கால் முழம்

அரண்மனைச் சேவகன் தாளைக் கொடுத்தான்.
பெயர் ஒன்றும் இல்லை, நீளம் மட்டும்.
சிவப்பு மக்மல், இரட்டைத் தையல்,
வாய்ப்பக்கம் இழுத்துக் கட்டக் கயிறு.
முப்பத்தெட்டுப் பை.

தலையணை உறையா என்று கேட்டேன்.
சிரித்தான்.
வெற்றிலைச் சாறு கீழுதட்டில் தேங்கி நின்றது.

மாண்டலேயில் அப்போதுதான்
பழைய ராஜாவின் துக்கத்துக்கு
வெள்ளைத் துணி விற்று முடித்திருந்தோம்.
புதியவருக்கு அண்ணன் தம்பி எத்தனை பேர்
என்று கடைத்தெருவில் ஆளுக்கொரு கணக்கு.
என் தாளில் சரியான கணக்கு இருந்தது.

நாலு முழம். நாலேகால். மறுபடி நாலு.
கடைசியில்
ஒன்றே முக்கால்.

அதை நான் தைக்கவில்லை,
உதுமானிடம் தள்ளிவிட்டேன்.
அளவைப் பார்த்தால் ஆள் தெரிகிற வியாதி
அவனுக்கு இன்னும் வரவில்லை.

அரச ரத்தம் மண்ணில் படக் கூடாதாம்.
அதற்குத்தான் மக்மல்.
அகழிக்கு அந்தப் பக்கம் மூன்று ராத்திரி
மேளம் நிற்கவே இல்லை.
நாலாம் நாள் காலை சந்தையில்
ஙாப்பி விலைக்கு வழக்கமான சண்டை.

கூலி வந்தது. எண்ணினேன், குறையவில்லை.
கூடவே ஒரு பையும் திரும்பி வந்தது,
மடிப்புக்கூடக் கலையாமல்.
நாலே முக்கால் முழம்.
"வைத்திரு, வேண்டிவரும்."

மழைக்கு முன்னால் ஷான் மலையில்
ஒருவன் வெள்ளைக் குடை விரித்தான்.
மழை விடுவதற்குள் ஐராவதிக்குக் கீழே இன்னொருவன்.
பிறகு மடத்தில் காவியைக் கழற்றிய மூன்றாமவன்.
மூவரும் சொன்னது ஒரே பெயர்.
மூவருக்கும் ஊர்கள் சோறு போட்டன.

சேவகன் வந்தான். வாயில் வெற்றிலை இல்லை.
"ஒருத்தன் சிக்கிவிட்டான். அவன்தானா பார்.
தாளை எரித்துவிட்டோம், அளவு உன்னிடம்தான்."

சிறையில் படுக்கவைத்து அளந்தேன்.
கால் பெருவிரலில் மாட்டுவண்டிக்காரனின் காய்ப்பு.
மூன்றரை முழம்கூடத் தேறாது.
முடிச்சுக் கயிறு நெற்றிக்கு வந்தபோது
உதடு அசையாமல் சொன்னான்:
"நான்தான் என்று சொல்.
திருடன் என்றால் வெயிலில் கட்டிவிட்டு
நாய்க்குப் போடுவார்கள்.
மக்மலாவது கிடைக்கட்டும்."

அரசு வேண்டும் என்று கிளம்பியவன்
கடைசியில் கேட்டது இதை.

"மக்மல் ஈரத்தில் சுருங்கும்" என்றேன் சேவகனிடம்.
"இவன்தான்."
அன்றிரவு பையைக் குறுக்கினேன்.
வெட்டிய துண்டு ஒரு முழத்துக்கு மேல்.
நெட்டையான ஒருவன் எங்கோ
ஒரு மழைக்காலம் கூடுதலாக நடக்கட்டும்.

பொய்க்கு அவ்வளவு ஆயுள் இல்லை.
மலையில் இன்னும் இரண்டு குடை விரிந்தே இருந்தன,
அறுவடைக்குள் ஐந்தாயின.
சேவகன் மறுபடி தாளை நீட்டினான்.
திருப்பிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் வெறுமை.

"அளவு?"

"யாருக்கும் ஆகிற மாதிரி தை."

துணி போதாது என்றேன்.