மலருக்கு மூன்று வரி

நூற்றாண்டு மலரில் உங்களுக்கு மூன்று வரிதான், சேர்.
அதிபர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.
அலமாரியில் கரப்பான் தின்றது போகக்
கிடைத்ததும் ஏறக்குறைய அவ்வளவே:
சா. வேதமாணிக்கம், முதலாவது றக்பிப் பயிற்றுநர்,
1937, ஒரே பருவம்.
வென்றது இரண்டு, தோற்றது ஐந்து, சமன் ஒன்று.

கணக்குப் படிப்பிக்க அட்டனுக்கு வந்தவர் நீங்கள்.
கிளப்பில் தொரைமார் கழித்துப் போட்ட பந்தை
தைத்து, ஊதி,
எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாத அதை
லயத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்தீர்கள்.
மைதானம் ஒரே சரிவு.
முதல் பாதி ஏற்றம், மறுபாதி இறக்கம்.
கொழுந்துக்கூடையோடு ஏறிய கால்களுக்கு
இதெல்லாம் ஒரு மலையா?

கண்டியில் நாற்பத்திரண்டுக்குப் பூச்சியம்.
திட்டியதாக எங்கும் குறிப்பில்லை.
திரும்பி வரும் ரயிலில்
பதினைந்து பணிஸ், எழுபத்தைந்து சதம்
என்று மட்டும் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

அந்தச் சமன், நானுஓயாவில்.
மூடுபனிக்குள் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியது தெரியாமல்
மருதை பந்தோடு ஓடிக்கொண்டே இருந்தானாம்,
ஸ்டேஷன் வரைக்கும்.

மறுவருசம் புதுப் பாதிரியார் தன் ஆளைக் கூட்டிவந்தார்.
நீங்கள் மஸ்கெலியாப் பக்கம்
தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் போனீர்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.
அடித்தட்டில் ஒரு காபன் பிரதி, 1952.
பிரஜாவுரிமை விண்ணப்பத்தோடு
அணியின் படத்தை இணைத்திருக்கிறீர்கள்:
முப்பத்தேழிலேயே நான் இங்கேதான் நின்றேன், பாருங்கள் என்று.
இவர்தானா அவர் என்று
கந்தோர் நம் பள்ளியைக் கேட்டிருக்கிறது.
நம் பள்ளி எழுதிய பதில்:
"முகம் தெளிவில்லை. உறுதிப்படுத்த இயலாது."

உண்மைதான். தெளிவில்லைதான்.
பதினைந்து பேரும் கமராவைப் பார்க்க
நீங்கள் மட்டும் திரும்பி
மருதையின் கொலரைச் சரிசெய்கிறீர்கள்.
தலை அசைந்து புகையாகிவிட்டது.
அதற்குப் பிறகு உங்களைப் பற்றி
ஒரு தாளும் இல்லை.
கப்பலா, மண்ணா, தெரியாது.

நேற்று அச்சகத்திலிருந்து அழைத்தார்கள்.
ஓரத்தில் மங்கலாக நிற்கிறாரே,
வெட்டிவிட்டால் படம் எடுப்பாக இருக்கும் என்றார்கள்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்டார்கள்.

வெட்டினால், தம்பி,
அந்தப் பையனின் கழுத்தருகே
யாருடையது என்று தெரியாமல்
ஒரு கை மிஞ்சும்.