கட்டுக்கம்பி

காலை ஏழரைக்கு
இருபத்தேழாம் இலக்கக் காரின்
சாரதிப் பக்க வலையை இழுத்துப் பார்த்தேன்.
கொக்கி உடைந்திருந்தது.
கட்டுக்கம்பியால் இரண்டு முறுக்கு முறுக்கியிருந்தார்கள்.
"கொழும்பிலயிருந்து கொக்கி வரேல்ல அண்ணை,
இண்டைக்கு மட்டும்" என்றான் செல்டன் பார்தலோட்.
கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டைக் கழற்றிக் காட்டு என்றேன்.
ஒரு விரலால் கழற்றினான். சிரித்தான்.
நானும் சிரித்துக்கொண்டே
'வலை' என்ற வரிக்கு நேரே
சரி போட்டேன்.

சீனக்குடாப் பக்கம் கைவிட்ட ஓடுபாதை.
மா மில்லின் பழைய சாக்குகளில் மணல் நிரப்பி
வளைவுகளில் அடுக்கியிருந்தோம்.
கிழமை நாளில் அங்கே கன்வேயர் பார்க்கிறவன் நான்;
மாத்தூசும் வெடிக்கும் என்று அறிந்தவன் என்பதால்
என்னைத் தீ மார்ஷல் ஆக்கினார்கள்.
காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள்
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.
கச்சான் அடித்தது.
கொடியெல்லாம் கடலைப் பார்த்துப் படபடத்தன.

பதினோராம் சுற்று, மூன்றாம் வளைவு.
பின்னால் வந்த லான்சர் வாலில் தட்ட
இருபத்தேழு சுழன்று, சாக்குகளைக் கிழித்து
மணலுக்குள் மூக்கைப் புதைத்தது.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு பெற்றோல் மணம்.
பிறகு
அந்த வெயிலில் நெருப்புக்கு நிறமே இல்லை.
காருக்குப் பின்னால் நின்ற பனை
தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளிந்ததைக் கண்டுதான்
வந்துவிட்டதென்று தெரிந்தது.

நகரசபையின் தீயணைப்பு வண்டி வாசலில் நின்றது.
அதன் முன்னால் யாரோ
ஐஸ்கிரீம் வானை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.
வானில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

சிலிண்டரோடு நிஃமத் ஓடினான். நானும் ஓடினேன்.
"காத்துக்கு முதுகக் குடு! முதுகக் குடு!"
அவன் கத்தியிராவிட்டால்
தவறான பக்கத்தால் போயிருப்பேன்,
பத்து வருடமாய் மற்றவர்களுக்கு
இதையே சொல்லிக்கொடுத்த நான்.

உள்ளே அவன் பெல்ட்டைக் கழற்றிவிட்டான்,
காலையில் போலவே, ஒரு விரலால்.
வலை விழவில்லை.
உள்ளிருந்து ஒரு கை அதை அடிக்கிறது.
வெளியே என் தடித்த கையுறை
கம்பியின் நுனியைத் தேடுகிறது.
இடம்சுழியா வலம்சுழியா?
காலையில் பார்த்தேனே, எந்தப் பக்கம் முறுக்கியிருந்தது?
கையுறையைக் கழற்றி எறிந்தேன்.
ஒரு முறுக்கு.
நிஃமத்தின் வெண்தூள் எங்கள்மேல் கொட்டுகிறது,
மில்லுக்குள் நிற்பதுபோல்.
மற்ற முறுக்கு.

நான்கு செக்கன் என்று
வீடியோவைப் பார்த்துப் பிறகு எண்ணினார்கள்.
அவனுடைய உடுப்பு பத்துத் தாங்குமாம்.
கையுறை அவ்வளவு தாங்கவில்லை:
இடக்கையில் மூன்று விரல்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் அவன் மனைவி டோரின்
என் கையைப் பிடித்துக்கொண்டு
நன்றி, நன்றி என்றாள்.
உள்ளங்கையில் கம்பி சுட்ட கோட்டை
அவள் அழுத்திக்கொண்டிருந்தாள், தெரியாமல்.
எரிந்தது. கையை இழுக்கவில்லை.
எதுவும் சொல்லவுமில்லை.

பின்னேரம் கழகத் தலைவர்
ஐஸ்கிரீம் வான்காரனைத் திட்டி முடித்துவிட்டு
என்னிடம் திரும்பினார்:
"ஆள் தப்பிட்டான்தானே,
படிவத்தை அப்பிடியே ஃபைலில போடும்."

வலை: சரி.
பக்கத்தில் என் கையெழுத்து,
அவசரமில்லாத, அழகான கையெழுத்து.

அழிக்கவில்லை.
காற்சட்டைப் பையில் கிடந்த கம்பியை எடுத்தேன்,
கரிபிடித்து, இன்னும் வளைந்தபடி.
படிவத்தின் துளைகளிலும்
ஃபைல் மட்டையிலும் கோத்து
இறுக்கி முறுக்கினேன், அதே இரண்டு முறுக்கு.

அடுத்த ஓட்டத்துக்கு முன்
யார் இதைத் திறந்தாலும்
அவிழ்த்துத்தான் திறக்க வேண்டும்.
எண்ணிக்கொண்டே அவிழ்க்கட்டும்.