ஆர்சி அவள் பேரில்

அவிநாசி ரோட்டு ஷோரூமில்
ஏசிக்கு நேராக உட்கார வைத்து
எலுமிச்சை டீ கொடுத்தான் அந்தப் பையன்.
சட்டையில் ஹரிஷ்வர்தன் என்று குத்தியிருந்தது.
கால்குலேட்டரைத் தட்டித் தட்டி
என் பக்கம் திருப்பினான்.

பழசை அரசாங்கம் சொன்ன யார்டில் விட்டால்
இரும்புக்கு இருபத்தி நாலாயிரம்.
அவர்கள் தரும் சான்றிதழுக்கு ரோட்டு வரியில் தள்ளுபடி.
அதையே காட்டினால் கம்பெனி பதினைந்து கழிக்கும்.
"முப்பத்தொண்ணாந் தேதி வரைக்குந்தானுங்க்கா."

ரோசனை பண்ணிச் சொல்றனுங் தம்பி, என்றேன்.
எங்கள் ஊரில் அதற்கு
வேண்டாம் என்றும் அர்த்தம்,
பணம் புரட்டணும் என்றும் அர்த்தம்.
எது என்று எனக்கே தெரியவில்லை.

வெளியே வெயிலில் ஆம்னி.
வெள்ளை என்று ஆர்சியில் போட்டிருக்கிறது.
பதினைந்து வருசம் முடிந்து நாற்பது நாள்.
எஃப்சிக்குக் காட்ட வேண்டுமென்றால்
தரையில் வெல்டிங், பெயிண்ட், ரெண்டு டயர்,
அதற்கு மேல் பசுமை வரி.
"சுண்டக்கா காப்பணம், சுமகூலி முக்காப்பணம்க்கா"
என்று ஜாபர் கையைத் துடைத்துக்கொண்டான்.

டெலிவரி சலானின் முதுகில் கணக்குப் போட்டேன்.
புதுசுக்கு மாசத் தவணை ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
நாலு ஓவர்லாக்கில் ரெண்டு
பனியன் துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது.
ஆர்டர் வரும் என்கிறார்கள்.
அவர்கள் எப்போதும்தான் சொல்கிறார்கள்.

சலானில் எழுதாத ஒன்று:
ஆர்சி ரங்கநாயகி பேரில்.

ஒரே கம்பெனியில் செக்கிங் டேபிளில்
எதிரெதிராக நின்றவர்கள் நாங்கள்.
ஆளுக்கொரு சீட்டை எடுத்து வாங்கிய வண்டி.
பான் கார்டு அவளிடம் இருந்தது,
அதனால் அவள் பேர். அவ்வளவுதான்.
எஞ்சின் சீட்டுக்கு அடியில், சித்திரையில் தொடை வேகும்.
ஈரத்துண்டை மடித்துப் போட்டு அவள் ஓட்டுவாள்.
பின்னால் பண்டல் மேல் நான்,
கொண்டி போன கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி.

ஒரு தீபாவளி போனஸில் பேச்சு தடித்தது.
மெஷினை நாலு நாலாகப் பிரித்தோம்,
டேபிள், ஃபேன், இஸ்திரிப் பெட்டி, சாமி படம்கூட.
வண்டியைப் பிரிக்க வழியில்லை.
"நீயே வெச்சுக்க" என்றாள்.
கொடுத்தாளா வீசினாளா என்று
ஏழு வருசமாக நான் கேட்கவில்லை.
வருசா வருசம் இன்சூரன்ஸ் மட்டும்
அவள் பேருக்கே கட்டினேன்.

இரும்புக்குப் போடவும் அவள் கையெழுத்து வேண்டும்.

"யாருங்க?"
நம்பரை அழித்திருக்கிறாள்.
"ஆம்னி" என்றேன், என் பேரைச் சொல்லாமல்.
அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடின.
ஆறு இருக்கும். ஏழுகூட இருக்கலாம்.

எல்லாம் சொன்னேன்.
"சான்றிதழ் ஆரு பேருக்கு வரும்?"
"உன்ற பேருக்குத்தான்."
"அப்பத் தள்ளுபடியும் எனக்குத்தான?"
"வேற ஆளுக்கு மாத்திக் குடுக்கலாமாமா."
"குடுக்கறதா, விக்கறதா?"

பதில் யோசிப்பதற்குள் அவளே கேட்டாள்:
"கொண்டி மாட்டிட்டியா?"
"இல்ல. கயிறு."
"ஏழு வருசமாவா!"
பக்கத்தில் யாரிடமோ அதைச் சொன்னாள்.
யாரோ சிரித்தார்கள்.
"ஞாயித்துக்கெழமெ எடுத்துட்டு வா.
கையெழுத்தெல்லாம் அப்பறம்.
மொதல்ல நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கோணும்."

பெருமாநல்லூர் போய்வர பெட்ரோல் இருநூறு.
வரவா செலவா தெரியாமல்
சலானின் நடுவில் எழுதினேன்.

எஃப்சி இல்லாத வண்டிக்கு
போலீஸ் நிற்காத ரோடு எது என்று ஜாபரைக் கேட்டேன்.
சந்து சந்தாகச் சொல்லி முடித்துவிட்டு
"ஹாரன் மட்டும் அடிச்சுராதீங்க்கா" என்றான்,
"ஆரம்பிச்சா நிக்காது."